மஞ்சள் பால், யோகாப் பாய், வெள்ளைக்கார ஹீலர்: இந்த மாத வாசகர் கேள்விகள்

போன இதழில் அறுகம்பேயில் யோகா வகுப்பு நடத்தும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு "நடத்தட்டுமே" என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தேன். அந்த ஒற்றை வரி பலருக்குச் செமிக்கவில்லை. திட்டியும் தட்டிக்கொடுத்தும் வந்த கடிதங்களில் முக்கால்வாசி இதே விசயம்தான். அதனால் இந்த மாதம் காதல், கடன், மாமியார் எல்லாருக்கும் லீவு.

கேள்வி: அக்கா, காலில் ஓம் பச்சை குத்தி, நெற்றியில் பொட்டும் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி நமக்கே மூச்சு விடச் சொல்லித் தருகிறாள், அதுவும் டொலரில். இது கலாசாரத் திருட்டு இல்லாமல் வேறென்ன? அம்மாவிடம் சொன்னால் "அவளாவது செய்யிறாள், நீ எப்பயாவது செஞ்சியா?" என்கிறா. யார் சொல்வது சரி?
– மாணவி, வந்தாறுமூலை

அம்மாவின் அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது மகள், ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. நீங்கள் செய்யாமல் இருப்பதால் உங்களுக்குக் கேட்கிற உரிமை போய்விடாது.

முதலில் இந்தத் திருட்டு என்ற கதையைப் பார்ப்போம். யோகாவை யாரும் இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கப்பலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நம்ம ஆட்கள். 1893இல் சிக்காகோவில் பேசிய விவேகானந்தர் பேச்சு முடிந்ததும் திரும்பி வந்துவிடவில்லை, அமெரிக்காவில் ஊர் ஊராய்ப் போய் ராஜயோகம் கற்பித்தார். அவர் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷனில் துறவியாகச் சேர்ந்த நம்ம காரைதீவு விபுலானந்த அடிகள்தான் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். அப்புறம் மைசூரில் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார். லத்வியாவின் ரீகாவில் பிறந்து இந்திரா தேவி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பெண் 1930களின் பிற்பகுதியில் அவரிடம் போய் நின்றார். அவர் முதலில் மாட்டேன் என்றார், பிறகு சேர்த்துக்கொண்டார். அந்த மாணவி பத்து வருடம் கழித்து ஹொலிவூட்டில் வகுப்புத் திறந்தார். 1969இல் அமெரிக்காவின் வூட்ஸ்டொக் இசை விழாவை, லட்சக்கணக்கான சனத்துக்கு முன்னால் உட்கார்ந்து தொடக்கி வைத்தவர் சச்சிதானந்த சுவாமிகள், கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். அமெரிக்கா போவதற்கு முன் 1950களில் அவர் ஆசிரமம் நடத்தியது எங்கே தெரியுமா, திருகோணமலையிலும் கண்டியிலும்.

ஆக, கொடுத்தோம், எடுத்தார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான நிலையம் நடத்திய இலவச யோகா வகுப்பை 2015இல் கலாசார அபகரிப்பு என்ற பேச்சு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். அதனால் யாருக்கு என்ன நியாயம் கிடைத்தது? முதுகு வலியோடு வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு போனதுதான் மிச்சம்.

மறுகா எங்கேதான் பிரச்சினை என்று கேட்பீர்கள். அந்த வகுப்புக்கான விளம்பரத்தை ஒருதரம் நன்றாகப் பாருங்கள். கிடுகுக் கூரை, பின்னால் கடல், முன்னால் வரிசையாய் வெள்ளை முதுகுகள். கூரை வேய்ந்தவர் பொத்துவில்காரர், தரை கூட்டுகிறவர் கோமாரிக்காரி, காணி இன்னொரு ஊர்க்காரருடையது, ஒருவர் முகமும் அதில் இல்லை. கட்டணம் டொலரில், பேசுவது இங்கிலீசில், நேரம் நம் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி முடிக்காத நேரம். இந்த ஊர்ப் பெண்ணொருத்தி அந்த மண்டபத்துக்குள் விளக்குமாறோடுதான் போகலாம், பாயோடு போக முடியாது என்றால் அங்கேதான் அநியாயம் இருக்கிறது. அந்த ஆசிரியையிடம் கேளுங்கள், வாரத்தில் ஒரு நாள் தமிழில், இந்த ஊர்ப் பெண் ஒருத்தியே நடத்துகிற வகுப்புக்கு இடம் தருவீர்களா என்று. தந்தால் அவர் பொட்டு வைத்தால் என்ன, பட்டை போட்டால் என்ன. "அதெல்லாம் எங்கட கான்செப்டுக்கு ஒத்து வராது" என்றால் நீங்கள் நினைத்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலி போடுகிறவர்கள் எல்லாரும் வெள்ளையர் இல்லை. கல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி சூடேற்றிய அறையில் செய்யும் 26 ஆசனங்களின் வரிசையைத் தன் சொத்து என்று பதிப்புரிமை கேட்டு, மற்றவர்கள் மேல் வழக்குப் போட்டுத் திரிந்தார். 2015இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. தோல் நிறத்தை மட்டும் வைத்து அளந்தால் இவரைக் கோட்டை விட்டுவிடுவோம்.

காலில் ஓம் குத்தியது எனக்கும் பிடிக்கவில்லை. பக்கத்தில் போய்ப் பல்லைக் காட்டாமல், முகத்தைச் சுளிக்காமல் சொல்லுங்கள், "இங்கே காலில் இதைப் போட மாட்டோம்" என்று. பலருக்குத் தெரியாது. ஆனால் பொலிசைக் கூப்பிடாதீர்கள். 2014இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்து, அடைத்து வைத்து, நாடு கடத்தினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று 8 லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்க வைத்தது. அந்தக் காசில் பெரும்பங்கு நம்ம வரிக் காசு.

கேள்வி: வெள்ளைக்காரி சேலை உடுத்தால் தப்பா?
– பெயர் இல்லை, செங்கலடி

தப்பில்லை. கொசுவம் நழுவினால் ஊசி குத்திவிடுங்கள்.

கேள்வி: கடற்கரை ஹோட்டல் ஒன்றின் ஸ்பாவில் வேலை செய்கிறேன். எண்ணெய் போட்டு உருவுவது நாங்கள் மூன்று பெண்கள். சீசனுக்கு வந்து நிற்கிற ஒரு வெளிநாட்டவருக்கு ஹீலர் என்று பட்டம், எங்களுக்கு ஹெல்பர் என்று பெயர். அவர் செய்யும் ஒத்தடத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்ததே எங்களில் ஒருத்தி. வருகிறவர்களும் "அந்த வெள்ளையர் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். இது இனவாதமா, இல்லை நாங்கள் பொறாமையில் கதைக்கிறோமா?
– பொத்துவில் தங்கச்சி

இனவாதம்தான். பொறாமையும் இருக்கலாம், இருந்தால் என்ன, இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

இந்த நாட்டில் அது எப்போதாவது பச்சையாக வெளியே வரும். 2024 பெப்ரவரியில் தெற்குக் கரை உனவட்டுனாவில் ரஷ்யர்கள் சிலர் ஒரு விருந்துக்கு விளம்பரம் போட்டார்கள், வாசலில் முகம் பார்த்து வெள்ளையரை மட்டும் உள்ளே விடுவோம் என்று. நாடே கொதித்தது, விருந்து ரத்தானது, மன்னிப்புக் கேட்டார்கள், சரி. ஆனால் உங்கள் ஸ்பாவில் நடப்பதை யாரும் விளம்பரத்தில் எழுதவில்லை பாருங்கள், அதனால் யாரும் கொதிக்கவும் இல்லை. அறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற விருந்தினருக்கு, கறுத்த கை உருவினால் அது கூலி வேலை, வெள்ளைக் கை உருவினால் அது ஆன்மீகம். அந்த எண்ணத்தைப் பிடித்துக் காசாக்கி விளம்பரத்தில் வெள்ளை முகம் போட்டது யார் என்று பார்த்தால் அனேகமாக நம்ம நாட்டு முதலாளியாகத்தான் இருப்பார். அவரை விட்டுவிட்டு அந்த ஹீலரை மட்டும் ஏசுவதில் அர்த்தமில்லை.

சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பது சட்டம், அது உங்களுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆனால் அவரை அனுப்பிவிட்டால் உங்கள் சம்பளம் கூடிவிடும் என்று நினைக்காதீர்கள். முதலில் உங்கள் பக்கத்தைக் கவனியுங்கள். நியமனக் கடிதம் எழுத்தில் இருக்கிறதா? ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுகிறார்களா? சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி போட வேண்டியது 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவர் கையில் இருந்துதான். 'சீசன் வேலை' என்று சொல்லி இதை விழுங்குகிற ஹோட்டல்கள் இருக்கின்றன. மாதச் சம்பளத் துண்டை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போகலாம், அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. கையில் தொழில் இருக்கிறது, கடதாசி இல்லை என்கிறவர்களுக்கு முன் அனுபவத்தைப் பரீட்சித்து என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் வழியும் இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டா அலுவலகத்தில் விசாரியுங்கள். மூன்று பேரும் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் 'வாய்க்காரி' என்பார்கள்.

ஒன்று கேட்கவா? நீங்கள் வேலை செய்யும் இடம் ஸ்பா என்று வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா? உங்களைப் போல எழுதிய இன்னும் இரண்டு பேர் 'ஹோட்டலில் ரிசப்ஷன்' என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். ஸ்பா என்றதும் நம் சனம் வேறு எதையோ நினைத்துச் சிரிக்கிறது. அதே எண்ணெயை அதே உடம்பில் ஒரு வெளிநாட்டவர் தேய்த்தால் அவருக்குக் கும்பிடு. அந்த ஹீலருக்குப் பீடம் கட்டிக் கொடுத்ததில் இந்தச் சிரிப்புக்கும் பங்கு இருக்கிறது.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மச்சாள் கோப்பிக் கடையில் மஞ்சள் பால் வாங்கிப் படம் அனுப்பியிருக்கிறா. ஐந்து பவுணாம்! சளிக்கு நம்ம அம்மம்மா காய்ச்சித் தந்ததை இவர்கள் தங்கப் பால் என்று விற்கிறார்கள். வழக்குப் போட முடியாதா?
– களுவாஞ்சிக்குடி

பால் விற்றதற்கு வழக்குப் போட முடியாது. மச்சாளிடம் சொல்லுங்கள், வீட்டில் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி, மஞ்சள் அங்கேயும் தமிழ்க் கடையில் கிடைக்கும்.

ஆனால் மஞ்சளுக்காக ஒரு சண்டை உண்மையிலேயே நடந்தது. 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு, மஞ்சள் தூளால் புண் ஆற்றுவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். மஞ்சளைப் புண்ணில் வைப்பது புதுக் கண்டுபிடிப்பாம்! கண்டுபிடித்தவர்கள் என்று பெயர் இருந்த இரண்டு பேரும் இந்திய வம்சாவளிக்காரர், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் அரச ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர் பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953இல் ஒரு இந்திய மருத்துவச் சஞ்சிகையில் வந்த கட்டுரையையும் கொண்டுபோய்ப் போட்டு வாதாடியது. 1997இல் காப்புரிமை ரத்து. வேம்புக்கும் இப்படித்தான். அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஒரு கம்பனியும் சேர்ந்து, வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. 2000இல் அது விழுந்தது, மேன்முறையீடும் 2005இல் தோற்றது.

வென்றோம் என்று கைதட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். வென்றது கடதாசி இருந்ததால். அம்மம்மா அப்படித்தான் செய்தா என்று நீங்களும் நானும் போய்ச் சொல்லியிருந்தால் ஒருவரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள். இந்தியா 2001இல் தொடங்கி ஆயுர்வேத, சித்த, யூனானிக் குறிப்புகளை எல்லாம் கணினியில் ஏற்றி, உலகத்துக் காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கக்கூடிய ஒரு களஞ்சியமாக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். நம்ம பக்கத்தில் நாட்டு வைத்தியம் பார்த்த எத்தனை பரிகாரிமாரின் கொப்பிகள் கறையான் தின்று போயின, எத்தனை போன சுனாமியில் போயின, யாராவது கேட்டோமா?

கடலழிஞ்சில் என்றொரு கொடி இருக்கிறது, சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு. அதன் கட்டையில் கடைந்த கோப்பையில் இரவில் தண்ணி ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள், சீனி வருத்தத்துக்கு. இந்த அறிவை வைத்து வெளிநாட்டில் காப்புரிமைகள் எடுத்தார்கள், ஜப்பான் கம்பனிகள் உட்பட. கொடி அழியும் நிலைக்குப் போய், இப்போது அனுமதி இல்லாமல் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஒரு உடன்படிக்கையை நிறைவேற்றியது. மூலிகையையோ பழைய அறிவையோ அடிப்படையாக வைத்துக் காப்புரிமை கேட்கிறவர் அது எந்த நாட்டிலிருந்து, எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என்கிறது அது. லாபத்தில் பங்கு கொடு என்று சொல்லவில்லை. அரைக் கிணறு.

(இதைப் படித்துவிட்டு யாரும் கோப்பைத் தண்ணியை நம்பி கிளினிக் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். போன வருடம் அப்படி ஒருவர் எழுதிக் கேட்டு எனக்கு நித்திரை போய்விட்டது.)

கேள்வி: ராத்தா, எங்க வாப்பாட வாப்பா யூனானி வைத்தியர். இப்ப எல்லா ஹோட்டல் போர்டிலயும் 'இந்து ஆயுர்வேத ஞானம்' எண்டு எழுதுறாங்க. வெள்ளைக்காரன் எடுத்தான் எண்டு சொல்ற நம்ம ஆக்கள் எங்கள எங்க வெச்சிருக்காங்க?
– காத்தான்குடி

நல்லாக் கேட்டீர்கள் தம்பி. கிரேக்கத்தில் தொடங்கி, அரபியில் வளர்ந்து, பாரசீக மருத்துவ அறிஞர் இப்னு சீனாவின் கையால் ஒழுங்காகி, கடல்வழியும் தரைவழியும் இங்கே வந்து, நம்ம நாட்டு மூலிகையையும் சேர்த்துக்கொண்ட வைத்தியம் யூனானி. இந்த நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமே ஆயுர்வேதம், சித்தம், யூனானி எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள்தான் வைத்திருக்கிறது. ஹோட்டல் போர்டு எழுதுகிறவருக்கு அது தெரியாது, விருந்தினருக்கு 'புராதனம்', 'இந்து' என்றால் விற்கும் என்று மட்டும் தெரியும். இந்தப் போர்டுகளைப் பார்த்துச் சில தமிழருக்குப் பெருமை வேறு. வெளிநாட்டவர் நம்மை ஒரே அச்சில் வார்க்கும்போது அந்த அச்சு நமக்கு வசதியாக இருந்தால் வாயைத் திறப்பதில்லை. உங்கள் வாப்பாவின் வாப்பாவுடைய குறிப்புகள் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் கரையோர வேடர் பரம்பரை. எங்கட சடங்கு நடக்கும்போது டவுனில் இருந்து கமராவோடு வருகிறார்கள், தெய்வம் ஏறி நிற்கிறவரின் முகத்துக்கு நேரே பிடிக்கிறார்கள், யூடியூபில் போட்டுக் காசு பார்க்கிறார்கள். எந்தப் பட்டை எதுக்கு என்று எங்கட அப்பப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போன ஒருவர் இப்போது மூலிகைக் கடை வைத்திருக்கிறார். வந்தவர்கள் எல்லாம் தமிழர். இதுக்கு என்ன பெயர்?
– வாகரைப் பக்கம்

இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே இதைத்தான் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாங்கள் வெள்ளைக்காரரைப் பார்த்து எதைச் சொல்கிறோமோ அதேதான் இதற்கும் பெயர்.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1670களில் டச்சுக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்தார் போல் ஹெர்மன். இங்கத்தைய செடிகளைப் பறித்து, காயவைத்து, உள்ளூர்ப் பெயர்களோடு தொகுத்தார். அவர் இறந்து பல வருடம் கழித்து அந்தத் தொகுப்பை வைத்து சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார், இலங்கைக்கு ஒருதரமும் வராமல். தொகுப்பு இன்றைக்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹெர்மன் பெயர் தெரியும், லின்னேயஸ் பெயர் தெரியும். "ஐயா, இது இன்ன செடி, வயிற்றோட்டத்துக்குக் கொடுப்போம்" என்று காட்டிக் கொடுத்தவரின் பெயர் யாருக்காவது தெரியுமா? அதே காலத்தில் கேரளத்து மலபாரிலும் அதே டச்சுக் கம்பனிதான், அங்கே அதிகாரியாக இருந்தவர் வான் ரீட். அவர் தொகுத்து 1678 தொடங்கி 12 பாகங்களாக வந்த ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ் நூலின் முதல் பாகத்திலேயே இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் தன் குடும்பக் குறிப்புகளில் இருந்து இந்த விபரங்களைச் சொன்னேன் என்று கொடுத்த சாட்சியம் அச்சாகியிருக்கிறது. ஹெர்மன், வான் ரீட் இரண்டு பேரும் காலனிக்காரர்தான், இருவரும் கம்பனியின் லாபத்துக்கு உழைத்தவர்கள்தான். ஆனாலும் ஓரிடத்தில் பெயர் நின்றது. 350 வருடத்துக்கு முன் ஒரு டச்சு அதிகாரிக்கு இருந்த அந்த ஒள்ளுப்பம் நியாயம்கூட மூலிகைக் கடைக்காரருக்கு இல்லாமல் போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை, வெட்கமாக இருக்கிறது.

சாதிக் கதையும் இதற்குள்தான் வருகிறது. பிள்ளைப்பெற்ற வீட்டில் நொச்சியும் பாவட்டையும் அவித்து, சூடு பார்த்து, தாயைக் குளிக்க வார்த்து, வயிறு கட்டிவிட்ட மருத்துவிச்சிமாரை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் விளக்கோடு கூட்டி வருவார்கள், உயிரைக் காப்பாற்றக் கை வேண்டும், ஆனால் பலருக்குத் தேத்தண்ணி பின்வாசலில், வேறு கோப்பையில். இன்றைக்கு அதே வேது, அதே பத்தியம் எல்லாம் பிரசவத்துக்குப் பின்னான பராமரிப்புப் பெக்கேஜ் என்று கொழும்பில் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்களின் பேத்திமாருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, ஒரு சதமும் இல்லை.

சரி தம்பி, செய்ய வேண்டியதற்கு வருவோம். சடங்கு உங்கள் ஊருடையது, கமரா வரலாமா, எங்கே நிற்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை சடங்கு நடத்துகிற உங்கள் கப்புறாளையும் பெரியவர்களும் கூடி முடிவெடுத்து ஒரு பலகையில் எழுதி வாசலில் கட்டுங்கள். கேட்டால் 'பண்பாட்டு ஆவணம்' என்பார்கள். ஆவணமென்றால் ஒரு பிரதி ஊருக்கு வர வேண்டுமே, வந்ததா என்று கேளுங்கள். அப்பப்பா சொல்வதை இனி உங்கள் பெடியள் பதியட்டும், ஃபோன் போதும். வெளியார் கேட்டால் பெயர் போட வேண்டும், பங்கு தர வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டுக் கதையுங்கள். இந்தப் பத்தியை வாசிக்கிற யூடியூப்காரர்களே, உங்களுக்கும்தான்.

கேள்வி: கல்யாணத்துக்கு ஒரு மாதம். மூலிகை ஃபேஷியல் என்று பார்லரில் போனால் 'வெள்ளையாக்கித் தருவம்' என்கிறார்கள். மாமியும் அதைத்தான் விரும்புகிறா. செய்யலாமா அக்கா?
– திருக்கோவில்

செய்யாதீங்க மகள். வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுசாதனமே கூடாது என்கிறது, டப்பாவில் பெயரும் முகவரியும் இல்லாமல் வருகிற கிறீமுக்கு அதெல்லாம் என்ன கணக்கு. சிறுநீரகம் போகும். மூலிகை என்று பச்சை இலை படம் போட்டிருந்தாலும்தான். 2020இல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகமெல்லாம் அதிர்ந்த நேரத்தில் ஃபெயார் அண்ட் லவ்லி தன் பெயரையே குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. கம்பனி பெயரை மாற்றிவிட்டது, நம்ம மாமிமார் இன்னும் மாறவில்லை. மாப்பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள், "இந்த நிறம் காணாதா?" என்று. பதில் வரத் தாமதமானால் ஒரு மாதம் இருக்கிறதே, நிறைய நேரம்.

கேள்வி: ரொறன்ரோவில் யோகா வகுப்பு நடத்துகிறேன், சொந்த ஊர் ஆரையம்பதி. வகுப்புத் தொடங்க முன் வெள்ளைச் சேஜ் இலையைக் கொளுத்திப் புகை காட்டுவேன், எல்லாரும் விரும்புவார்கள். அங்கத்தைய பழங்குடிப் பெண் ஒருவர் வேண்டாம் என்றார். நானும் ஒடுக்கப்பட்டவள்தானே, எனக்குமா?

உங்களுக்கும்தான். அந்தச் செடி தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிக்கோவின் ஒரு மூலையிலும்தான் இயற்கையாக வளர்கிறது, விற்பனைக்காகக் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டி அள்ளுகிறார்கள். அமெரிக்காவில் பழங்குடியினரின் வழிபாட்டுச் சுதந்திரத்தைக் காக்கவென்று சட்டம் வந்தது 1978இல். நீங்கள் இருக்கும் கனடாவிலேயே 1880களில் இருந்து 1951 வரை அவர்களின் சடங்குகள் சட்டப்படி குற்றம், ஆட்களைப் பிடித்து அடைத்தார்கள். அடைபட்டவரின் பேத்தி வேண்டாம் என்று சொன்னால் நாம் நம்ம 83 கலவரத்தைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது. சாம்பிராணி போடுங்கள். வகுப்பில் இருமினால் யன்னலைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, 'மட்டக்களப்பு மந்திரம்' என்று வெளிநாட்டவருக்கு மூன்று நாள் ரிட்ரீட் நடத்தலாம் என்று ஒரு யோசனை. பாயோடு ஒட்ட வைக்கிற ஊர் என்று ஏற்கனவே பெயர் இருக்கிறதுதானே, அதைக் காசாக்கினால் என்ன? நாம நம்மட பண்பாட்டை விற்றால் அது அபகரிப்பு இல்லையே?
– வாழைச்சேனை

பாயோடு ஒட்ட வைப்பது யாழ்ப்பாணத்து ஆட்கள் இங்கே உத்தியோகத்துக்கு வந்து, பொம்பிளை எடுத்து, திரும்பிப் போக மனமில்லாமல் நின்றதற்குச் சொன்ன சாட்டு. அதில் மந்திரத்தை விடக் குளத்து மீனுக்கும் தயிருக்கும்தான் பங்கு கூட இருந்திருக்கும், அதை விற்பதென்றால் நீங்கள் சமையல் வகுப்பு நடத்தலாம்.

விளையாட்டு போக, நடத்துவதென்றால் நடத்துங்கள், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு பார்க்கக் கூட்டிப் போகலாம், குளிர்த்திப் பாடல் கேட்கலாம், வயதான பரிகாரியார் ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம். கோயில் நிர்வாகத்திடம் முதலே கேளுங்கள், பரிகாரியாருக்கு உங்கள் கட்டணத்தில் ஒழுங்கான பங்கு கொடுங்கள், வெற்றிலையில் ஆயிரம் ரூபாய் வைத்துக் கும்பிட்டு அனுப்புவதைப் பங்கு என்று சொல்லாதீர்கள். பாம்பு கடித்தால் போதனா வைத்தியசாலை என்பதை முதல் நாளே சொல்லி வையுங்கள். மூன்றாம் நாள் முடிவில் 'பயிற்றப்பட்ட மட்டக்களப்புப் பரிகாரி' என்று யாருக்காவது சான்றிதழ் கொடுத்தீர்களோ, அடுத்த இதழில் முதல் கேள்வி உங்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். விளம்பரத்தை அச்சடிக்க முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், யார் முகம் போட்டிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.